தவணை முடிந்த பின்னும் ஓட வேண்டிய எஞ்சின்

கணக்கியலில் 'தேய்மானம்' என்றொரு சொல் உண்டு. ஒரு காரை வாங்கிய நாளிலிருந்தே அதன் மதிப்பு குறையத் தொடங்குகிறது என்று கொண்டு, ஆண்டுதோறும் ஒரு பகுதியை ஏட்டில் கழித்து எழுதுவோம். மோட்டார் காப்பீட்டிலும் இதே முறைதான். ஆறு மாதம் கடந்த காரின் விலையில் 15 விழுக்காடு, ஓராண்டு கடந்தால் 20, ஈராண்டு கடந்தால் 30, மூன்றாண்டு கடந்தால் 40, நான்காண்டு கடந்தால் 50 என்று கழித்துக்கொண்டே வருவார்கள். காரை ஓட்டுபவர் யார், எப்படி ஓட்டுகிறார் என்பதெல்லாம் இந்த ஏட்டுத் தேய்மானத்துக்குத் தேவையில்லை; நாட்காட்டி ஒன்றே போதும். எஞ்சினுக்குள் உலோகத்தோடு உலோகம் உரசி உண்டாகும் மெய்யான தேய்மானமோ நாட்காட்டியைப் பார்ப்பதில்லை. நாம் பெரிதாக நம்பும் கிலோமீட்டர் கணக்கையும் அது முழுமையாகப் பின்பற்றுவதில்லை.

வங்கியில் இருப்பவர்களுக்கு எஞ்சினைப் பற்றி என்ன அக்கறை என்று வாசகர்கள் கேட்கலாம். பத்து இலட்சம் ரூபாய் விலையுள்ள காருக்கு எட்டு இலட்சம் கடன் பெற்று, 9 விழுக்காடு வட்டியில் ஏழு ஆண்டுகளில் திருப்பிச் செலுத்துவதாக வைத்துக்கொள்வோம். மாதத் தவணை ஏறத்தாழ 12,870 ரூபாய் ஆகும். நான்கு ஆண்டுகள் தவறாமல் செலுத்திய பின்னும் நான்கு இலட்சத்துக்குச் சற்று மேலாக அசல் நிலுவையில் இருக்கும். அந்த நேரத்தில் எஞ்சின் பாழாகி, அதை மாற்ற ஓர் இலட்சத்துக்கு மேல் தேவைப்பட்டால், ஓடாத காருக்குத் தவணையும் கட்டி, அன்றாடம் ஆட்டோவுக்கும் கொடுக்கும் நிலை அந்தக் குடும்பத்துக்கு வந்துவிடும். அத்தகையவர்கள் கடன் பிரிவில் எங்கள் முன் வந்து அமரும்போது முதலில் கேட்பது, தவணைக் காலத்தை நீட்டித்துத் தர இயலுமா என்பதே. நீட்டித்தால் வட்டி கூடும், எஞ்சின் உயிர்பெறாது.

இத்தனைக்கும் எஞ்சின் என்பது எளிதில் மடியும் பொருளன்று. மோட்டார் வாகனச் சட்டப்படி சொந்தக் காரின் முதல் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும்; அதன் பின் தகுதி பார்த்து ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பித்துக்கொள்ளலாம். ஒழுங்காகப் பேணப்பட்ட எஞ்சின் இந்தக் காலத்தையும் தாண்டி ஓடும். இதற்குச் சான்று தேடி நாம் வெகுதொலைவு போக வேண்டியதில்லை. திருவிதாங்கூர் அரச குடும்பத்தின் மூத்தவராக விளங்கி 2013 டிசம்பரில் மறைந்த உத்திராடம் திருநாள் மார்த்தாண்ட வர்மாவின் மெர்சிடிஸ் பென்ஸ் 180டி காரைத் திருவனந்தபுரத்துக்காரர்கள் பலரும் அறிவர். 1950-களில் வாங்கப்பட்டு, கர்நாடகப் பதிவெண்ணான சி.ஏ.என். 42 என்ற எண்ணைத் தாங்கிய அந்தக் கார், அரை நூற்றாண்டுக்கு மேல் பட்டம் அரண்மனையில் அவருடன் இருந்தது. அது இலட்சக்கணக்கான மைல்கள் ஓடியதைப் பாராட்டி நிறுவனம் அளித்த பதக்கங்கள் அதன் முகப்பில் பொருத்தப்பட்டிருந்தன.

அரண்மனைக் காருக்கு ஆள்படை இருக்கும், நமக்கு ஏது என்று எண்ண வேண்டாம். அமெரிக்காவின் லாங் ஐலண்டைச் சேர்ந்த இர்வ் கார்டன் ஒரு பள்ளி அறிவியல் ஆசிரியர். அவர் 1966-இல் வாங்கிய வோல்வோ பி1800 கார் 2013-இல் முப்பது இலட்சம் மைல்களைக் கடந்தது. நம் கணக்கில் 48 இலட்சம் கிலோமீட்டர். இடையில் எஞ்சினைப் பிரித்துப் புதுப்பித்ததும் உண்டு. எனினும் உலகச் சாதனையாகப் பதிவானது அந்த ஒரே கார்தான். தயாரிப்பாளரின் கையேட்டில் சொன்னபடி ஆயில் மாற்றினேன் என்பதற்கு மேல் பெரிய இரகசியம் எதையும் அவர் சொல்லவில்லை. ஆனால் அவருடைய வாழ்க்கையில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. பள்ளிக்குச் சென்று திரும்ப அவர் நாள்தோறும் 125 மைல், அதாவது 200 கிலோமீட்டர் ஓட்டினார். அவ்வளவு ஓட்டியும் எஞ்சின் நிலைத்தது என்பதைவிட, அவ்வாறு நீண்ட தொலைவு ஓட்டியதும் அது நிலைத்ததற்கு ஒரு காரணம் என்பதே சரி.

காரணம் எளிது. எஞ்சின் ஓடும்போது பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் இடையிலும், சுழலும் தண்டுக்கும் பேரிங்குக்கும் இடையிலும் ஆயில் மெல்லிய படலமாக நிற்கிறது. உலோகம் உலோகத்தைத் தொடுவதில்லை. ஆயிலின் மீது மிதக்கிறது. எஞ்சினை நிறுத்தியதும் ஆயில் மெல்ல வழிந்து அடியிலுள்ள தொட்டியில் சேர்ந்துவிடும். மறுநாள் காலை சாவியைத் திருப்பும்போது, பம்பு அந்த ஆயிலை மீண்டும் மேலேற்றும் வரை சில நொடிகள் உலோகங்கள் எஞ்சிய ஈரப்பசையை மட்டும் நம்பி உரசுகின்றன. எஞ்சின் சூடேறும் வரை தேய்மானம் மிகுதி. சூடேறி ஒரே சீராக ஓடத் தொடங்கியபின் மிகக் குறைவு. ஆகவே 200 கிலோமீட்டரை இரண்டே ஓட்டமாக ஓடிய காரும், நாற்பது ஓட்டமாக ஓடிய காரும் மீட்டரில் ஒரே எண்ணைக் காட்டினாலும் உள்ளே ஒரே நிலையில் இரா.

நம் நகர வாழ்க்கை பெரும்பாலும் அந்த நாற்பது ஓட்ட வகையைச் சேர்ந்தது. பட்டத்திலிருந்து தலைமைச் செயலகத்துக்கு நான்கைந்து கிலோமீட்டர். மாலையில் சாலைக் கடைவீதி. இடையில் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து அழைத்து வருதல். ஒவ்வொரு முறையும் எஞ்சின் சூடேறும் முன்பே ஊர்தி நின்றுவிடுகிறது. கூலன்ட் முள் நடுவுக்கு வந்ததும் எஞ்சின் சூடேறிவிட்டது என்று நினைக்கிறோம். ஆயில் தன் வெப்பநிலையை எட்ட அதன் பிறகும் பல நிமிடங்கள் ஆகும்.

இதில் பலர் அறியாத ஒரு செய்தி, ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது ஏறக்குறைய ஒரு லிட்டர் நீரும் ஆவியாக உண்டாகிறது என்பது. அதன் பெரும்பகுதி புகைக்குழாய் வழியே போய்விடும். சிறு பங்கு பிஸ்டன் வளையங்களைக் கடந்து ஆயில் தொட்டிக்குள் இறங்கும். எரியாத பெட்ரோலும் கொஞ்சம் உடன் சேரும். எஞ்சின் அரைமணி நேரம் நல்ல சூட்டில் ஓடினால் இவை ஆவியாகி வெளியேறிவிடும். நான்கு கிலோமீட்டரில் நின்றால் உள்ளேயே தங்கும். ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றிப் பார்த்தால் அதன் உட்புறத்தில் பாலேடு போன்ற வெளிறிய படிவு தெரிந்தால், அது பெரும்பாலும் இந்த நீரின் வேலைதான். இரண்டு பருவமழைகளும் பெய்து, ஆண்டு முழுதும் காற்றில் ஈரம் நிற்கும் நம் ஊரில் இதைக் கூடுதலாகவே எதிர்பார்க்கலாம். (கூலன்ட் அளவும் குறைந்துகொண்டே வந்தால் அது வேறு பழுது, உடனே காட்ட வேண்டும்.)

தயாரிப்பாளரின் கையேட்டில் பத்தாயிரம் கிலோமீட்டர் அல்லது ஓராண்டு, இவற்றில் எது முந்துகிறதோ அப்போது ஆயில் மாற்ற வேண்டும் என்று பெரும்பாலான பெட்ரோல் கார்களுக்கு எழுதியிருக்கும். அந்த 'அல்லது' என்ற சொல்லை வாடிக்கையாளர்கள் பலர் பொருட்படுத்துவதில்லை. ஆண்டுக்கு மூவாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியது, ஆயிலை ஏன் மாற்ற வேண்டும் என்கிறார்கள். குறைவாக ஓடிய காருக்கே இந்த ஓராண்டு விதி மிகுதியும் தேவை. அதே கையேட்டைச் சற்றுப் புரட்டினால் 'கடினமான சூழல்' என்ற தலைப்பில் இன்னொரு அட்டவணை இருக்கும். குறுகிய தொலைவு ஓட்டம், நின்று நின்று நகரும் நெரிசல், புழுதி ஆகியவற்றைக் கடினமான சூழலாகக் கொண்டு, ஆயில் மாற்றும் இடைவெளியைச் சுருக்கிச் சொல்லியிருப்பார்கள். காலை ஒன்பதரை மணிக்குக் கேசவதாசபுரம் சந்திப்பைக் கடப்பவர்கள் தாங்கள் எந்த அட்டவணையைச் சேர்ந்தவர்கள் என்பதைத் தாங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

எந்த ஆயில் என்பதிலும் கையேடே முடிவான சொல். கெட்டியான ஆயில் எஞ்சினுக்குக் கூடுதல் பாதுகாப்பு என்ற பழைய நம்பிக்கை அம்பாசிடர் காலத்தது. இன்றைய எஞ்சின்களின் இடைவெளிகள் மிக நுண்ணியவை. 0டபிள்யூ-20 என்று கையேடு சொன்னால், குளிர்ந்த நிலையிலும் விரைந்து மேலேறும் மெல்லிய ஆயிலே அதற்கு வேண்டும். ஆயிலோடு அதன் வடிகட்டியையும் மாற்ற வேண்டும்; பழைய வடிகட்டியை வைத்துக்கொண்டு புது ஆயில் ஊற்றுவது சில நூறு ரூபாய்ச் சிக்கனம்.

காலையில் காரை வாசலில் ஐந்து நிமிடம் ஓடவிட்டுச் சூடேற்றும் பழக்கத்தையும் கைவிடலாம். அது கார்புரேட்டர் காலத்துத் தேவை. நின்றபடி ஓடும் எஞ்சின் மெதுவாகத்தான் சூடேறும். தேய்மானம் மிகுந்த நேரம் அதனால் நீள்கிறது. அரை நிமிடம் போதும். பிறகு முதல் சில கிலோமீட்டர்களுக்கு ஆக்ஸிலேட்டரை ஓங்கி மிதிக்காமல் செல்வதே சரியான சூடேற்றம். வாரத்துக்கு ஒருமுறையேனும் நாற்பது நிமிடம் தடையின்றி ஓட்டுங்கள். கழக்கூட்டத்திலிருந்து கோவளம் வரையிலான புறவழிச்சாலை இதற்குப் போதும். டர்போ பொருத்திய கார்களை நெடுஞ்சாலை வேகத்திலிருந்து வந்து உடனே அணைக்காமல், ஒரு நிமிடம் மெல்ல ஓடவிட்டு நிறுத்துவது நல்லது. கடுஞ்சூட்டில் சுழலும் டர்போவின் தண்டுக்கு அந்நேரம் ஆயில் ஓட்டம் தேவைப்படுகிறது.

டீசல் கார் வைத்திருப்போருக்கு இந்த நீண்ட ஓட்டம் இன்னும் கட்டாயம். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதிகள் நடைமுறைக்கு வந்தபின் டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி பொருத்தப்படுகிறது. சேர்ந்த கரியை அது அவ்வப்போது தானே எரித்துக்கொள்ளும். அதற்குச் சீரான வேகமும் சூடும் வேண்டும். நகருக்குள்ளேயே சுற்றும் காரில் அந்த எரிப்பு பாதியிலேயே நிற்கும். அதற்காகச் செலுத்தப்படும் கூடுதல் டீசல் ஆயிலில் கலந்து அதை நீர்க்கச் செய்வதும் உண்டு. நாளொன்றுக்குப் பத்து கிலோமீட்டர் மட்டும் ஓட்டுபவருக்கு டீசல் கார் பொருந்தாது என்பது எங்கள் கருத்து. கடன் விண்ணப்பத்தில் அதற்கென ஒரு கட்டம் இல்லாததால் இங்கே சொல்லி வைக்கிறோம்.

வெப்பம் மற்றொரு பகை. பொன்முடிக்கு ஏறும் 22 கொண்டை ஊசி வளைவுகளில் முழுச் சுமையுடன், ஏ.சி. போட்டுக்கொண்டு, உயர்ந்த கியரிலேயே எஞ்சினைத் திணறவிட்டு ஏறுபவர்களைப் பார்க்கிறோம். கியரைக் குறைத்தால் பெட்ரோல் வீணாகும் என்பது அவர்களின் எண்ணம். குறைந்த சுழற்சியில் பெருஞ்சுமையைச் சுமத்தும்போது பேரிங்குகளும் பிஸ்டன்களும் படும் பாடு அந்தச் சில துளிப் பெட்ரோலுக்கு ஈடாகாது. இறங்கும்போது நியூட்ரலில் விடுவதும் சேமிப்பன்று. கியரில் இருக்கும்போது இன்றைய எஞ்சின்கள் இறக்கத்தில் எரிபொருளைத் தாமே நிறுத்திக்கொள்கின்றன. நியூட்ரலில்தான் அணையாமல் ஓட எரிபொருள் வேண்டியிருக்கும். பிரேக் ஒன்றை மட்டுமே நம்பி இறங்கும் ஆபத்து தனி.

ரேடியேட்டரில் குழாய்த் தண்ணீரை ஊற்றுவதும் நம்மிடையே நீங்காத பழக்கம். கூலன்ட் என்பது வண்ணம் சேர்த்த தண்ணீர் அன்று. கொதிநிலையை உயர்த்துவதோடு உள்ளே துருப்பிடிக்காமலும் அது காக்கிறது. வெப்பமானியின் முள் சிவப்பை நெருங்கினாலோ, சிவப்பு விளக்கு எரிந்தாலோ, இன்னும் இரண்டே கிலோமீட்டர்தான் என்று ஓட்ட வேண்டாம். அலுமினியத்தாலான சிலிண்டர் தலை வளைந்துவிட அந்த இரண்டு கிலோமீட்டரே போதும். ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்துவிட்டு, அது முற்றிலும் ஆறும் வரை ரேடியேட்டர் மூடியைத் திறக்காமல் காத்திருக்க வேண்டும். ஆயில் அழுத்தம் குறைந்ததைக் காட்டும் சிவப்பு விளக்குக்கும் இதே விதி.

இனி, ஓடாமல் நிற்கும் கார்களைப் பற்றி. வளைகுடா நாடுகளில் பணிபுரியும் எங்கள் வாடிக்கையாளர்கள் பலர் ஆண்டில் ஒரு மாத விடுப்புக்காக ஊரில் கார் வாங்கி நிறுத்தியிருக்கிறார்கள். வீட்டில் உள்ள பெரியவர்கள் வாரம் ஒருமுறை அதை நின்ற இடத்திலேயே ஐந்து நிமிடம் இயக்கி அணைப்பார்கள். நல்லெண்ணத்தோடு செய்வதுதான், ஆனால் மேலே சொன்ன குறுகிய ஓட்டத்தின் தீமைகள் அனைத்தும் அதில் உண்டு, பேட்டரியும் இழந்த மின்சாரத்தை மீண்டும் பெறாது. இரு வாரத்துக்கு ஒருமுறை உரிமம் உள்ள உறவினர் ஒருவர் அரைமணி நேரம் வெளியே ஓட்டி வரட்டும். அது இயலாவிட்டால் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, இயக்காமலே விட்டுவிடுவது மேல். இப்போதைய பெட்ரோலில் கலக்கும் எத்தனால் ஈரத்தை ஈர்க்கும் தன்மையுடையது. பெட்ரோல் தொட்டியில் வெற்றிடம் குறைந்தால் உள்ளே நுழையும் ஈரமும் குறையும் என்பதால் அதை நிரப்பி வைப்பது நல்லது. திரும்பி வந்ததும் சாவியைத் திருப்பும் முன் பானட்டைத் திறந்து பாருங்கள். எலிகள் வயர்களைக் கடித்து, காற்று வடிகட்டியில் கூடு கட்டியிருப்பது இங்கே அரிய நிகழ்ச்சியன்று.

பழைய கார் வாங்கக் கடன் கேட்டு வருவோரும் இதையே நினைவில் கொள்ள வேண்டும். ஐந்து ஆண்டுகளில் பன்னிரண்டாயிரம் கிலோமீட்டரே ஓடிய கார் என்று தரகர் சொன்னால் அதைப் பெரும் பேறாகக் கருதிவிடாதீர்கள். நாகர்கோவிலுக்கும் திருவனந்தபுரத்துக்கும் நாள்தோறும் ஓடி, காலம் தவறாமல் ஆயில் மாற்றிய எண்பதாயிரம் கிலோமீட்டர்க் காரின் எஞ்சின் அதைவிட நலமாக இருக்கக் கூடும். மீட்டரில் உள்ள எண்ணைவிடச் சர்வீஸ் பதிவுகளில் உள்ள தேதிகளே மிகுதியாகப் பேசும். குளிர்ந்த எஞ்சினைக் காலையில் நீங்களே முதலில் இயக்கிப் பார்ப்பதாகச் சொல்லி வையுங்கள்; நீங்கள் வருமுன் சூடேற்றி வைத்த எஞ்சின் பல குறைகளை மறைத்துவிடும்.

இதுவரை சொன்னவை மெல்லத் தேய்க்கும் காரணங்கள். ஒரே நொடியில் எஞ்சினைக் கொல்லக்கூடியது தண்ணீர். 2018 ஆகஸ்டுப் பெருவெள்ளத்தைக் கேரளம் மறக்கவில்லை. அப்போது பெரிதும் தப்பிய திருவனந்தபுரம், 2023 அக்டோபர் 14 இரவு தொடங்கி மறுநாள் காலை வரை பெய்த மழையில் தத்தளித்தது. ஆமையிழஞ்சான் ஓடை நிரம்பி வழிந்தது; கண்ணம்மூலை, உள்ளூர், கௌரீசபட்டம் பகுதிகளில் வீடுகளுக்குள் நீர் புகுந்தது. வாசலில் நின்ற கார்களின் கதி சொல்லாமலே விளங்கும்.

சிலிண்டருக்குள் காற்றையும் எரிபொருளையும் பிஸ்டன் பத்தில் ஒரு பங்காக நெருக்குகிறது. டீசல் எஞ்சினில் நெருக்கம் இன்னும் அதிகம். காற்று நெருங்கும், தண்ணீர் நெருங்காது. தேங்கிய நீரில் செல்லும்போது காற்றை உறிஞ்சும் குழாய் வழியே நீர் உள்ளே புகுந்தால், மேலேறும் பிஸ்டன் அந்த நீரில் மோதி நிற்கும். அதைத் தள்ளும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். நீரில் அணைந்துபோன காரை மீண்டும் இயக்க முயலும்போதுதான் பெரும்பாலும் இந்தக் கேடு முழுமையடைகிறது.

காப்பீட்டில் இந்த ஓர் இடத்தில்தான் வாடிக்கையாளர்கள் மிகுதியும் ஏமாற்றமடைகிறார்கள். வழக்கமான முழுக் காப்பீடு வெள்ளத்தால் நேரும் சேதத்துக்கு உண்டு. நின்ற இடத்தில் மூழ்கிய காரின் சேதம் பெரும்பாலும் ஏற்கப்படும். ஆனால் நீரில் மூழ்கிய எஞ்சினை இயக்கியதால் நேர்ந்த பழுது 'தொடர்விளைவு இழப்பு' என்று விலக்கப்படும். தேய்மானம் கழிக்காத காப்பீடு எடுத்திருக்கிறோமே என்பார்கள் சிலர். அது உதிரிப் பொருள்களின் விலையில் கழிவு செய்யாமல் தருவது. எஞ்சினுக்குள் புகுந்த நீரை அது ஏற்பதில்லை. அதற்கென 'எஞ்சின் பாதுகாப்பு' என்ற கூடுதல் பிரிவு தனியே உண்டு. எத்தனை ஆண்டுப் பழைய கார் வரை அதைத் தருவார்கள், எவ்வளவு கட்டணம் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். கடன் நிலுவையிலுள்ள கார் முழு இழப்பாக அறிவிக்கப்பட்டால் இழப்பீட்டுத் தொகை முதலில் கடன் கொடுத்த வங்கிக்கே வரும். நிலுவை போக மிஞ்சுவதுதான் உரிமையாளருக்கு.

கார் மூழ்கிவிட்டால் சாவியைத் தொடாதீர்கள். நீர் வடிந்து, நின்று வேலை செய்வது பாதுகாப்பானதும் பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். நீர் எந்த உயரம் வரை நின்றது என்பது தெரியும்படி படம் எடுத்து வைத்து, காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவித்து, இழுவை வண்டியில் ஏற்றிப் பணிமனைக்கு அனுப்புங்கள். அண்டைவீட்டுக்காரர் ஒருமுறை ஸ்டார்ட் செய்து பார்க்கலாமே என்று அன்போடு சொன்னாலும் இணங்க வேண்டாம். தேங்கிய நீரைக் கடந்தே ஆக வேண்டுமானால், சக்கரத்தின் நடுப்பகுதிக்கு மேல் நீர் நிற்கும் இடத்தில் இறங்காதீர்கள். தம்பானூரில் எதிரே வரும் பேருந்து எழுப்பும் அலையையும் கணக்கில் கொள்ளுங்கள்.

உங்கள் காப்பீட்டு ஒப்பந்தத்தின் முதல் தாளில், கூடுதல் பிரிவுகள் என்ற தலைப்பின் கீழ் எஞ்சின் பாதுகாப்பு இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இல்லையெனில் அடுத்த புதுப்பிப்பு தேதியைக் குறித்து வையுங்கள். ஒப்பந்த ஆண்டின் நடுவில், வானம் கருத்த பிறகு, அதைச் சேர்த்துக்கொள்ளப் பொதுவாக நிறுவனங்கள் இடம் தருவதில்லை.